குரல் ஆறு, குரல் ஏழு

அந்த லேப்டாப் பார்க்க மூக்கும் முழியுமாகத்தான் இருந்தது. சாம்பல் நிறம், மெலிந்த உடம்பு, மூடியைத் திறந்தால் முகம் தெரிகிற பளபளப்பு. விரலை வைத்த பிறகுதான் அதன் சுபாவம் தெரிந்தது. கீபோர்டின் நடுப்பகுதி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு முறை உள்ளே போய் வெளியே வந்தது. வேகமாகத் தட்டினால் மொத்தமும் பழைய மெத்தை மாதிரி அமுங்கி அமுங்கி எழுந்தது. வந்த முதல் நாளே அண்ணி, “புதுசுதானே, பழகிப்போகும்” என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். செருப்பு பழகும், மாமியார்கூடப் பழகிவிடுவார், கீபோர்டு எங்கேயிருந்து பழகும்?

அண்ணி என்றால் உலகத்துக்கே அண்ணி. உண்மையில் அவளை அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவள் ஒரே ஒருத்தி, அவள் கணவரின் தங்கை. அந்த நாத்தனார் பிசியோதெரபி படித்த நான்கு வருஷமும் இந்த வீட்டில்தான் இருந்தாள். சாயங்காலம் கீழ் வாசலிலேயே “அண்ணி, பசிக்குது” என்று ஆரம்பித்தால் மூன்று மாடியும் ஏறி முடிக்கிற வரை நிறுத்த மாட்டாள். கேட்டுக் கேட்டு கீழ்த்தளத்துத் தையல்காரர், கேஸ் கொண்டுவருகிறவர், தபால்காரர் எல்லோரும் அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். நாம் மட்டும் எதற்கு வேறு பெயர் தேடிக்கொண்டு?

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி லிஃப்ட் அவர் கையில்தான் ஏறி இறங்குகிறது, அவர் வீட்டுக்கு மட்டும் படிக்கட்டு. இதை அவரிடம் சொல்லிச் சிரிக்காத விருந்தாளி கிடையாது, அவரும் சளைக்காமல் ஒவ்வொரு முறையும் சிரித்துவைப்பார்.

சரி, லேப்டாப்புக்கு வருவோம். கீபோர்டு ஆடுவது முதல் கோளாறு. இரண்டாவது, அதன் டச்பேடு. கட்டைவிரலின் அடிச்சதை லேசாகப் பட்டால் போதும், எழுதிக்கொண்டிருந்த இடத்திலிருந்து கர்சர் மூன்று வரி மேலே குதித்து உட்கார்ந்துகொள்ளும். அண்ணிக்குக் கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிற பழக்கம். திறந்து பார்த்தால் முதல் பத்தியின் வயிற்றுக்குள் கடைசிப் பத்தி படுத்திருக்கும். மூன்றாவது கோளாறு, ஹெட்போன் மாட்டினால் இடது காதில் மட்டும்தான் சத்தம் வரும். வலது காதில் ஒன்றும் வராது. வேறு ஹெட்போன் மாட்டிப் பார்த்தாள், அதே கதைதான்.

மூன்று கோளாறோடும் குடும்பம் நடத்தியிருக்கலாம், புதன்கிழமை மூன்று மணிக்கு அந்தத் தேர்வு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்.

ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் அலுவலகம் ஒன்று ஆள் எடுத்தது. கூட்டங்கள், விசாரணைகள், பேட்டிகள் என்று எல்லாம் வரும். கேட்டதைக் கேட்டபடி எழுத வேண்டும், இருமல் உட்பட. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அண்ணி இதே மாதிரி ஓர் அலுவலகத்தில் இருந்தாள், அங்கே அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவளுடைய முறையே தனி. கண்ணை மூடிக்கொள்வாள். காதில் விழுவது நேராக விரலுக்குப் போய்விடும், மூளைக்கு அங்கே வேலையே இல்லை. ஒரு விசாரணையில் இரண்டு வக்கீல்கள் ஒரே நேரத்தில் கத்தியதை இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிக் கொடுத்துவிட்டு, அவ்வளவு நேரமும் வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னவள் அவள்.

பிறகு மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். யாராவது ஒருவர் பகலில் வீட்டில் இருந்தாக வேண்டும். அப்போது இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த நாத்தனார் படிப்பை நிறுத்துகிறேன் என்றாள். அண்ணி, “அதெல்லாம் வேண்டாம், நான் ஆறு மாசம் லீவு போடுறேன்” என்றாள். அந்த ஆறு மாதம் ஒன்பது வருஷமாக நீண்டது. மாமனார் எழுந்து நடந்து, நடந்த பிறகு தளர்ந்து, போன வருஷம் போயும் சேர்ந்துவிட்டார்.

எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர், “நீங்க என்ன பண்றீங்க?” என்று அண்ணியைக் கேட்பார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர், “சும்மா வீட்லதான் இருக்காங்க” என்று முந்திக்கொள்வார். மனசில் ஒன்றும் வைத்துச் சொல்வதில்லை. ஆனால் அந்த வார்த்தை அண்ணிக்கு வலித்தது. வலிக்கிறது என்று அவரிடம் சொல்லவும் இல்லை, சொல்லாமலே புரிந்துகொள்கிற ஆளும் அவர் இல்லை. இந்த வேலை அவளுக்கு வேண்டும். தேர்வு ஒரே ஒரு முறைதான், இரண்டாவது வாய்ப்புக் கிடையாது என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். வீட்டிலிருந்தே, சொந்த லேப்டாப்பில், கேமரா போட்டுக்கொண்டு, அறையில் தனியாக எழுத வேண்டும்.

அப்படியானால் லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். அது நாத்தனார் கொடுத்த பரிசு. மூன்று வாரத்துக்கு முன்னால் வண்ணக் காகிதம் சுற்றிக் கொண்டுவந்து, “அண்ணி, இனிமே நீங்க வேலைக்குப் போறீங்க” என்று கையில் திணித்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் ஓடிவிட்டாள். அதற்கப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. தினம் இரண்டு தடவை போன் செய்கிறவள் போனும் செய்யவில்லை. நாலு நாளைக்கு ஒரு தடவை, “லேப்டாப் எப்படி இருக்கு அண்ணி?” என்று ஒற்றை வரியில் செய்தி மட்டும் வரும். வாங்கிய கையோடு நாலு வார்த்தை நன்றாகச் சொல்லாமல் விட்டுவிட்டோம், அதில் கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று அண்ணி முடிவு கட்டிவிட்டாள். அதற்குப் பரிகாரமாக ஒவ்வொரு முறையும் “பிரமாதம்” என்று பதில் போட்டாள். ஐந்து தடவை பிரமாதம் போட்ட பிறகு, கீபோர்டு ஆடுகிறது, பில்லைக் கொடு என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

வீட்டிலேயே ஒரு மெக்கானிக் இருக்கிறாரே என்றால், அது இதைவிடப் பெரிய சிக்கல். அந்தக் குடும்பத்துக்கே ஒரு வியாதி உண்டு. ஓடுகிற எதையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிட வேண்டும். மாமனாருக்கு இருந்தது, கணவருக்கு இருக்கிறது, நாத்தனாருக்கும் இல்லாமல் இல்லை. மிக்ஸி, மின்விசிறி, குளியலறைத் தாழ்ப்பாள் என்று கணவர் கைபடாத சாமான் அந்த வீட்டில் கிடையாது. ஒருமுறை அண்ணியின் அம்மா வந்திருந்தபோது அவருடைய காதுக் கருவியைத் திறந்துவிட்டார். அம்மா ஒரு வாரம் யார் பேசுவதும் கேட்காமல் நிம்மதியாக இருந்துவிட்டுப் போனார். அதனால் லேப்டாப் வந்த அன்றே அண்ணி அவரிடம், “இத மட்டும் தொடக் கூடாது, என் மேல ஆணை” என்று வாக்கு வாங்கிவிட்டாள். கீபோர்டு ஆடுவதையும் கர்சர் குதிப்பதையும் வாய்தவறி ஒரு நாள் சொல்லிவிட்டாள். காது விஷயத்தை மூச்சுவிடவில்லை. அதையும் சொன்னால் அதையும் திறப்பார்.

புதன்கிழமை அவருக்கு வார விடுமுறை. பதினோரு மணிக்கு அண்ணி தலைக்குக் குளித்துவிட்டு வெளியே வந்தாள். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப் குப்புறக் கிடந்தது.

வாக்கைக் காப்பாற்ற முடியவில்லையே தவிர, வேலையைக் கணவர் முறைப்படிதான் செய்திருந்தார். பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதம் விரித்து, அதில் லேப்டாப்பின் படத்தை வரைந்து, எந்தத் துளையில் எந்த ஸ்க்ரூ இருந்ததோ அந்த இடத்தில் அதை வைத்து எண் போட்டிருந்தார். லேப்டாப் மூடியின் ஓரத்தில் அவருடைய லிஃப்ட் கம்பெனியின் சிவப்பு அட்டை தொங்கியது: ‘பழுதுபார்ப்பு நடக்கிறது. இயக்க வேண்டாம்.’

“என்னங்க இது?” என்றாள் அண்ணி. தலையில் சுற்றிய துண்டு நழுவியது.

“பயப்படாத. கீழ்ப்பலகையத்தான் கழட்டியிருக்கேன்.”

“மூணு மணிக்குத் தேர்வு.”

“மணி பதினொண்ணுதான ஆகுது. பன்னெண்டு மாடி லிஃப்டையே நாங்க ஒன்றரை மணி நேரத்துல…”

“என் மேல ஆணைன்னு சொன்னேனே.”

“அதான் முதல்ல உன்ன குளிக்க அனுப்பிட்டு ஆரம்பிச்சேன்” என்றார் அவர். இதில் என்ன நியாயம் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். அண்ணி கேட்கவில்லை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே பார்த்தாள். ஒரு புறம் பச்சைப் பலகை, ஒரு புறம் கறுப்பு பேட்டரி. நடுவில், கீபோர்டின் முதுகில், இரண்டு விரல் அகலத்துக்கு நீல நிறத் துணி டேப் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் முனைகளை யாரோ அழகாக வளைத்து வெட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே இரண்டு துளைகள் காலியாக இருந்தன.

“இது என்ன டேப்?”

“கம்பெனில ஒட்டியிருப்பாங்க” என்றார் கணவர், கேள்வி முடியும் முன்பே. அவருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் இரண்டு காது மடலும் சிவந்துவிடும். அண்ணி அன்றைக்கு இருந்த பதற்றத்தில் காது மடலைப் பார்க்கவில்லை. “ஒரு போன் பேசிட்டு வந்துடுறேன்” என்று அவர் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தால், ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டார்கள் போல என்று அண்ணி நினைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டேகாலுக்கு அழைப்புமணி அடித்தது. வாசலில் நாத்தனார். கிளினிக் சீருடையை மாற்றாமல், மூச்சு வாங்க நின்றாள்.

அண்ணிக்கு உயிரே போய்விட்டது. ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த பரிசு உள்ளே குடலைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. இந்த நேரம் பார்த்தா வருவாள்? ஒரே எட்டில் மேஜைக்குப் போய்த் தலைத் துண்டை எடுத்து அதன் மேல் போட்டாள்.

“வா குட்டி. என்ன திடீர்னு?”

“சும்மா இந்தப் பக்கம் வந்தேன் அண்ணி.” கிளினிக் ஊரின் அடுத்த கோடியில் இருந்தது. சும்மா வருகிற தூரம் இல்லை. நாத்தனாரின் கண் துண்டுக்கு மேல் போய் நின்றது. “அது என்ன அண்ணி?”

“துவைக்கிற துணி.”

“துணிய சாப்பிடுற மேஜைல வெச்சிருக்கீங்க?”

“இப்பதான் எடுத்துட்டுப் போகலாம்னு…”

கணவர் பால்கனியிலிருந்து வந்தார். அண்ணியையும் பார்க்கவில்லை, தங்கையையும் பார்க்கவில்லை. துண்டோடு காகிதத்தோடு எல்லாவற்றையும் பிறந்த குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போனார். “நான் கொஞ்சம் போன சார்ஜ் போட்டுக்கறேன் அண்ணி” என்று நாத்தனாரும் பின்னாலேயே போனாள். கதவு சாத்திக்கொண்டது. சார்ஜ் போடுகிற இடம் கூடத்திலேயே இரண்டு இருக்கிறது என்பதை யோசிக்கிற நிலையில் அண்ணி இல்லை. இவள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டால் என்ன ஆவது என்று கதவுக்கு வெளியே நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

அரை மணி நேரத்தில் இருவரும் வெளியே வந்தார்கள். கணவர் கையில் லேப்டாப் முழுசாக இருந்தது. “ரெண்டு ஸ்க்ரூ லூசா இருந்துச்சு. இறுக்கியாச்சு” என்றார். அண்ணி தட்டிப் பார்த்தாள். கீபோர்டு கல்லாக நின்றது. எழுத்துகள் ஒவ்வொன்றும் விரலுக்கு அடியில் கணக்காக விழுந்து எழுந்தன. இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் திறந்து மூடிய ஒரு சாமான் முன்னைவிட நன்றாக இருப்பது இதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது. நாத்தனார் ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மொட்டைமாடியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

குதிக்கிற கர்சருக்கு அண்ணி தானே வைத்தியம் பார்த்தாள். பிஸ்கட் பெட்டியின் அட்டையை அளவெடுத்து வெட்டி டச்பேடை மூடி ஒட்டிவிட்டு, ஒரு மவுஸை மாட்டினாள். டச்பேடை அணைக்க ஒரு பொத்தான் இருக்கிறது என்று அண்ணனும் தங்கையும் சொன்னார்கள். எந்தப் பொத்தான் என்பதில் இருவரும் ஒத்துப்போகவில்லை. ஒற்றைக் காது விஷயத்தை அண்ணி அப்போதும் சொல்லவில்லை. இருக்கிற இரண்டு மணி நேரத்தில் இன்னொரு தடவை ஸ்க்ரூ கழற்றப்படுவதை அவளால் தாங்க முடியாது.

மூன்று மணி. அறைக் கதவைச் சாத்தினாள். அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். “நீ ஹெட்போன் மாட்டிக்க. நாங்க சத்தமே போட மாட்டோம்” என்று கணவர் சொல்லிவிட்டுப் போனார். ஹெட்போன் மாட்டினால் உள்ளே இடி விழுந்தாலும் கேட்காது என்பது அவருடைய நம்பிக்கை. அது இரண்டு காதும் கேட்கிற ஹெட்போனுக்குச் சரி.

திரையில் குறிப்பு வந்தது. நாற்பது நிமிடம். ஒலிப்பதிவு, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் கூட்டம். பேசுகிறவர்களைக் குரல் 1, குரல் 2 என்று எண்ணிட வேண்டும். கேட்பது எதையும் விடக் கூடாது. நேரம் முடிந்தால் தானே அனுப்பிக்கொள்ளும்.

அண்ணி பொத்தானை அழுத்திக் கண்ணை மூடினாள். தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதைப் பற்றிச் சண்டை. தலைவர் ஒருவர், செயலாளர் ஒருவர், மூன்றாம் மாடிக்காரர் ஒருவர், இருமிக்கொண்டே இருக்கும் ஓர் அம்மா, நாலு பேர் பேசினால் நடுவில் “ஒரு நிமிஷம்” என்று மட்டும் சொல்லும் ஒரு பெரியவர். இரண்டு நிமிடத்துக்குள் யார் எந்த எண் என்று விரலுக்குப் பிடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு அவள் அங்கே இல்லை. விரல்கள் ஓடின. கத்துகிற இருவரைப் பிரித்தன, இருமலை எண்ணின, யாரோ நாற்காலி இழுத்ததைக்கூடப் பதிவு செய்தன. ஒன்பது வருஷமாக இந்தச் சந்தோஷத்தை எப்படி விட்டுவைத்தோம் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. மனசு வழக்கம்போல வேறெங்கோ போய்விட்டது. குட்டி ஏன் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறாள், ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொல்லலாமா, நேரடியாகவே மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஒலிப்பதிவு முடிந்ததும் கண்ணைத் திறந்தாள். இன்னும் நான்கு நிமிடம் பாக்கி. ஒரு தடவை படித்துவிடலாம் என்று மேலே போனாள். முதல் பக்கம் ஒரு தவறு இல்லாமல் இருந்தது. இரண்டாவது பக்கத்தின் நடுவில் அவள் கை நின்றுவிட்டது.

குரல் 3: தொட்டிய கழுவி எத்தன மாசமாச்சுன்னு கேக்குறேன்.

குரல் 6: நீ எதுக்குடி அத திறந்த?

குரல் 7: வாங்கிட்டு வந்து தட்டிப் பாத்தேன். நடுவுல ஆடுச்சு. ரெண்டு ஸ்க்ரூவ இறுக்கினா சரியாயிடும்னு நெனச்சேன்.

குரல் 2: கழுவ ஆள் வரலன்னா நான் என்ன பண்ண முடியும்.

குரல் 6: சரி, அந்த ஸ்க்ரூ எங்க போச்சு?

குரல் 7: கிளினிக்ல கீழ விழுந்து உருண்டுடுச்சு. வாரண்டி ஸ்டிக்கர் வேற கிழிஞ்சுபோச்சு. திருப்பி எடுக்க மாட்டேன்னு கடைல சொல்லிட்டாங்க. கைல முழங்காலுக்கு ஒட்டுற டேப் இருந்துச்சு. ஒட்டி மூடிட்டேன்.

குரல் 5: ஒரு நிமிஷம்.

குரல் 6: முழங்காலும் கீபோர்டும் ஒண்ணாடி?

குரல் 4: (இருமல்)

குரல் 6: இப்ப கொண்டுவந்த ஸ்க்ரூ ஏது?

குரல் 7: எங்க வரவேற்பறை லேப்டாப்லேருந்து கழட்டிட்டு வந்தேன்.

குரல் 3: இது பொறுப்பான ஆளுங்க பண்ற வேலையா?

ஒலிப்பதிவில் ஐந்து பேர்தான் என்பது அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. வலது காது சும்மா இருக்கவில்லை. இது தேர்வுத்தாள். இதை அப்படியே அனுப்பினால் அத்தோடு வேலை போனது. மூன்றரை நிமிடம் இருக்கிறது, ஆறையும் ஏழையும் தேடித் தேடி அழித்தால் முடித்துவிடலாம். ‘நீ எதுக்குடி அத திறந்த’ என்ற வரியை அழித்தாள். அடுத்ததை அழிக்க விரலைக் கொண்டுபோனவள், அதற்கு முன்னால் அடுத்ததில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டாள்.

குரல் 7: அண்ணிகிட்ட சொல்லிடணும்னுதான் தினமும் போன எடுக்குறேன். லேப்டாப் எப்படி இருக்குன்னு கேக்குறேன். பிரமாதம்னு சொல்லிடுறாங்க. அதுக்கு மேல வாய் வர மாட்டேங்குது.

குரல் 1: இதுக்கு ஒரு முடிவு எடுத்துட்டுத்தான் இன்னிக்கு எந்திரிக்கணும்.

குரல் 7: அப்பா விழுந்தப்போ நான் படிப்ப விடுறேன்னு சொன்னேன். நீகூட சரின்னு சொல்லிட்ட. அண்ணிதான் தன் வேலைய விட்டாங்க. ஒன்பது வருஷத்துல ஒரு நாள்கூட அத சொல்லிக் காட்டினதில்ல. அவங்களுக்குன்னு ஒண்ணே ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். அதையும் ஒடச்சுக் குடுத்திருக்கேன்.

குரல் 5: ஒரு நிமிஷம்.

குரல் 6: சரி, அழாத.

குரல் 3: நாம குடிக்கிற தண்ணிங்க அது.

குரல் 6: அவ சும்மா வீட்ல இருக்கான்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியுறேன். நீ என்னடான்னா ரெண்டு ஸ்க்ரூவுக்கு அழுற.

அழிக்க வேண்டியவள் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை படித்தாள், எழுத்து மங்கியது, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். வாழ்க்கையில் அவள் தட்டிய லட்சக்கணக்கான வரிகளில் தன்னைப் பற்றி ஒரு வரிகூட வந்ததில்லை. ‘அவங்களுக்குன்னு ஒண்ணே ஒண்ணு’ என்ற இடத்துக்கு மூன்றாவது தடவை வந்தபோது திரை வெளுத்தது. ‘நேரம் முடிந்தது. உங்கள் விடைத்தாள் அனுப்பப்பட்டது.’

அழுவதா, எழுந்து போய் இருவர் முதுகிலும் நாலு வைப்பதா என்று தெரியவில்லை. ஒன்பது வருஷம் காத்திருந்து கிடைத்த ஒரே வாய்ப்பு. அதை வீட்டுக்காரர்கள் இருவர் சமையலறையில் நின்றே ஊதித் தள்ளிவிட்டார்கள். அவர்கள் மேல் கோபம் வந்தது. வந்த கோபம் தங்கவும் மாட்டேன் என்றது.

கதவைத் திறந்தாள். இருவரும் ஒன்றுமே தெரியாத முகத்தோடு சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனாரின் மூக்கு நுனி சிவந்திருந்தது.

“எப்படி எழுதின?” என்றார் கணவர்.

“போச்சு.”

“ஏன் அண்ணி? கீபோர்டு திரும்பவும் ஆடிச்சா?” நாத்தனார் எழுந்தே விட்டாள்.

“கீபோர்டு நல்லாத்தான் இருந்துச்சு. அவங்க ஒலிப்பதிவுல இல்லாததையெல்லாம் எழுதிட்டேன்.”

இருவருக்கும் புரியவில்லை. அண்ணியும் விளக்கவில்லை. சொல்கிறவள் தானாகச் சொல்லட்டும் என்று நாத்தனார் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாத்தனார் வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். “டீ போடட்டுமா அண்ணி?” என்றாள். அடுப்பைப் பற்றவைத்து, பாத்திரத்தை ஏற்றி, இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர் கொதித்து, டீத்தூள் போட்டு, பால் ஊற்றி, எல்லாம் ஆயிற்று. திரும்பவே இல்லை.

அப்போதுதான் அண்ணியின் போன் அடித்தது. அந்தப் போனையும் கணவர் ஒரு முறை திறந்து மூடியிருந்தார். அன்றிலிருந்து ஸ்பீக்கரில் போட்டால்தான் பேசுவது கேட்கும். மேஜை மேல் வைத்து அழுத்தினாள்.

“தேர்வு நடத்துற மேற்பார்வையாளர் பேசுறேம்மா” என்றது ஒரு பெண் குரல், நடுத்தர வயது, கண்டிப்பான பள்ளிக்கூடத் தலைமையாசிரியை மாதிரி. “உங்க தாளப் பாத்தேன். ஒலிப்பதிவுல அஞ்சு பேர்தான் பேசுறாங்க. நீங்க ஏழு பேர் எழுதியிருக்கீங்க.”

“தெரியும் மேடம். என் தப்புதான். எனக்கு ஒரு காதுலதான் ஹெட்போன் கேட்டுச்சு. இன்னொரு காதுல வீடு கேட்டுச்சு.”

“ஓ, அப்படியா விஷயம். நான் எங்க பதிவுலதான் கோளாறுன்னு அந்த இடத்த மட்டும் மூணு தடவ போட்டுக் கேட்டேன்.” காகிதம் புரளும் சத்தம். “அந்த அம்மா பதினொரு தடவ இருமுறாங்க, பதினொண்ணும் இருக்கு. அந்தப் பெரியவரோட ஒரு நிமிஷம் ஒண்ணுகூட விட்டுப்போகல. ரெண்டு பேர் ஒண்ணா பேசினாலே மத்தவங்க புள்ளி வெச்சுட்டுப் போயிடுவாங்க. நீங்க ஏழு பேர வெச்சுக்கிட்டு ஒரு வார்த்த தப்பில்லாம எழுதியிருக்கீங்க. திங்கட்கிழமை ஆரம்பிச்சிடுங்க. கதவ மட்டும் கொஞ்சம் நல்லா சாத்திக்குங்க.”

அண்ணி போனிலிருந்து நிமிர்ந்தாள். கணவரைப் பார்த்தாள். ஏழு பேர் என்றதுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டிருந்தது, இரண்டு காது மடலும் ரத்தமாகச் சிவந்திருந்தன. அடுப்புக்கு முன்னால் நின்றவள் அசையாமல் நின்றாள்.

“சரிங்க மேடம். ரொம்ப நன்றி.”

“வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாமா?” அந்தக் குரல் சட்டென்று இறங்கியது. தலைமையாசிரியை காணாமல் போயிருந்தார். “வேலை விஷயம் இல்ல. அந்தத் தண்ணித் தொட்டி என்ன ஆனாலும் எனக்குக் கவலையில்ல. அந்த ஏழாவது குரல் இருக்காங்களே, அவங்க அண்ணிகிட்ட சொல்லிட்டாங்களா?”

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. நாத்தனார் மெதுவாகத் திரும்பினாள். கண்ணிலும் மூக்கிலும் ஒழுகிக்கொண்டிருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்து, போனைப் பார்த்துக் குனிந்தாள்.

“இன்னும் இல்ல மேடம்” என்றாள். “இப்பதான் சொல்லப் போறேன்.”

“சொல்லுங்க, சொல்லுங்க” என்றது போன். “நான் வைக்கல.”

அண்ணி போய் அடுப்பை அணைத்துவிட்டு, அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.